கான் யாருடையது? வன்னிக் கரையோரப் பட்டினம் ஒன்றின் மூன்று வருடக் கோப்பு

என் கடை எங்கள் ஊரின் உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபைக்கு எதிரே இருக்கிறது. போட்டோப்பிரதி, தட்டச்சு, லமினேற்றிங், ரீலோட். சபைக்குக் கடிதம் கொடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் என் மேசைக்குத்தான் வருவார்கள். ‘நான்’ என்று எழுதுவதா, ‘நாங்கள்’ என்று எழுதுவதா என்பதைக்கூட என்னிடமே கேட்பார்கள். அப்படித்தான் ஒரு ஒழுங்கையில் தண்ணீர் நின்ற விவகாரம், 2022 நவம்பரில் போன முதல் முறைப்பாட்டிலிருந்து 2025 வாடை மழை வரைக்கும், முழுதாக என் கணினிக்குள் சேர்ந்தது. எழுதுவித்தவர்களிடம் கேட்டுவிட்டு அந்தக் கடிதங்களையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் அடுக்கி வாசித்தேன். எங்கள் பக்கத்திலிருந்து போனவை பதினேழு. பதினாறில் ஒரே கேள்விதான்: கான், அதாவது தண்ணீர் வடிந்தோடும் வடிகால், யாருடையது?

பட்டினத்தின் பெயரை எழுதவில்லை. வன்னியின் எந்தக் கரை என்பதையும் எழுதவில்லை. நாளைக்கும் அதே சபைக்கு எதிரேதான் நான் கடை திறக்கவேண்டும்.

ஒழுங்கை

பெருவீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை அது. ‘இறங்கும்’ என்றுதான் எல்லோரும் சொல்வோம். அந்தச் சொல்லிலேயே பிழை இருந்தது பின்னால்தான் தெரிந்தது.

மூலையில் மீன் சந்தை. காலையில் மீனை ஏலம் கூறி முடிந்ததும் சீமெந்துத் திண்ணையைக் கழுவி விடுவார்கள். செதிளும் இரத்தமும் ஐஸ் கரைந்த தண்ணீரும் ஒரு சாண் அகல வெட்டுக்குள்ளால் ஒழுங்கைப் பக்கம் வரும். வெயில் காலத்தில் மணல் அதைக் குடித்துவிடும், மிச்சத்தைக் காகம் பார்த்துக்கொள்ளும். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் பெருவீதித் தண்ணீரும் அதோடு சேர்ந்து வந்து ஒழுங்கையின் நடுவில் நிற்கும். கரண்டைக்கால் அளவோடு நின்றால் அது நல்ல வருடம். முழங்காலுக்கு வந்தால் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். 2022இல் முழங்காலுக்கு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வேலிக் கதியாலைப் பிடித்துப் பிடித்துப் போனார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணறுகளுக்குக் குளோரின் போட்டார், நுளம்புக் குடம்பி இருக்கிறதா என்று வாளி வாளியாகப் பார்த்தார்.

முன்பு அங்கே ஒரு மண் கான் இருந்தது. 2009இல் போர் முடிந்த பிறகு சனம் மீளக் குடியேறியபோது அது பாதி தூர்ந்து கிடந்தது. ஒவ்வொருவரும் தங்கள் படலைக்கு முன்னால் ஓர் உழவு இயந்திரப் பெட்டி கிரவல் கொட்டி மிச்சத்தையும் மூடினார்கள். என் மாமனார் வீடும் அந்த ஒழுங்கையில்தான் இருக்கிறது, நாங்களும் கொட்டினோம். முதல் முறைப்பாட்டில் இருபத்து மூன்று வீட்டுக்காரர் கையெழுத்து வைத்தார்கள். அதில் கிரவலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தட்டச்சு செய்த நானும் கேட்கவில்லை.

ஏகமனதான தீர்மானம்

2022 டிசம்பர் அமர்வில் வட்டார உறுப்பினர் பிரேரணையைக் கொண்டுவந்தார். பெருவீதிச் சந்தியிலிருந்து கடற்கரை வரைக்கும் சீமெந்துக் கான் கட்டுவது. எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர் எழுந்து வழிமொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. எங்கள் சபைகளில் ஏகமனதாக நிறைவேறும் தீர்மானத்தைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம் வரும், ஏனென்றால் பெரும்பாலும் அதை ஒருவரும் வாசித்திருக்கமாட்டார்கள். கூட்ட அறிக்கையைப் பிறகு பார்த்தேன். கானின் நீளம் இல்லை, மதிப்பீடு இல்லை, எந்தச் செலவுத் தலைப்பில் காசு வரும் என்பதும் இல்லை.

அந்தச் சபைக்கு அப்போது ஆயுள் மூன்று மாதந்தான் மிச்சம். 2018 பெப்ரவரி 10இல் தெரிவான சபைகள் அவை. நான்கு வருடத் தவணையை ஒரு வருடம் நீட்டியிருந்தார்கள். 2023 மார்ச் 9இல் அடுத்த தேர்தல் என்று அறிவித்தார்கள். அப்புறம் காசில்லை என்று அது தள்ளிப்போனது. மார்ச் 19ஆம் திகதி நள்ளிரவோடு சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில் தீர்ப்புச் சொன்னது. வாக்களித்தது 2025 மே 6ஆம் திகதி. புதிய சபைகளின் காலம் ஜூன் 2இல் தொடங்கியது.

வன்னிக்கு இது புதிதில்லை. 2011இல் துணுக்காய், மாந்தை கிழக்குச் சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோதும் அதே முல்லைத்தீவு மாவட்டத்தின் கரைதுறைப்பற்றும் புதுக்குடியிருப்பும் 2018 வரை காத்திருந்தன. நகரசபையே இல்லாத மாவட்டம் அது. மாவட்டத் தலைநகரான முல்லைத்தீவுப் பட்டினத்தின் குப்பையும் கானும்கூடக் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபையின் பொறுப்புத்தான். 2023இல் சபைகள் போனபோது எங்களுக்கு மேலே மாகாண சபையும் இல்லை. அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, பிறகு அதற்கு ஒரு தேர்தலும் நடக்கவில்லை.

இரண்டு கட்டடம்

வெளியிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களே குழம்புகிற இடம் இது. பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. இரண்டும் ஒரே வீதியில் இருக்கும், பெயரில் பாதி ஒன்று. வயதானவர்கள் செயலகத்தை இன்னும் ‘ஏ.ஜி.ஏ. கந்தோர்’ என்பார்கள், நடுத்தர வயதுக்காரர் ‘டி.எஸ். ஒப்பீஸ்’ என்பார்கள். காணி, அனுமதிப்பத்திரம், நிவாரணம், கிராம அலுவலர் எல்லாம் அங்கே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த சபைக்குக் குப்பை, சந்தை, ஒழுங்கை, கான், மயானம், தெருவிளக்கு. வாக்குப் போட்டு வருவது சபை மட்டும்தான். ஆகவே ஏச்சு முழுவதும் சபைக்கு. ஆனால் கான் வெட்ட நிலம் வேண்டும், கரையோரத்தில் நிலம் பெரும்பாலும் அரச காணி, அந்தச் சாவி மற்றக் கட்டடத்தில் இருக்கிறது.

காசும் அப்படித்தான். கட்டடங்கள் நெருங்கிய பகுதி என்று பிரகடனம் செய்த இடத்தில்தான் ஆதன வரி அறவிடலாம். காணி கைமாறும்போது வருகிற முத்திரை வரியில் சபைக்குப் பங்கு உண்டு. ஆனால் பாதிக் காணி அனுமதிப்பத்திரக் காணியாக இருக்கிற ஊரில் உறுதி எழுதுவதே குறைவு. மிஞ்சுவது சந்தைக் குத்தகை, கடை வாடகை, வியாபார உரிமக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம். சம்பளத்துக்கு மாகாணத்தின் கை வேண்டும்.

செயலாளர் காலம்

2023 மார்ச்சிலிருந்து தவிசாளர் கதிரை வெறுமையாக இருந்தது. அதிகாரம் செயலாளரிடம். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கடிதத்துக்குப் பதில் போட்டார், பதிவேட்டில் இலக்கம் போட்டார், ஆள் வந்தால் இருக்கச் சொன்னார். நான் பார்த்த நேர்த்தியான கடிதப் போக்குவரத்து அந்த இரண்டு வருடத்தினதுதான். தண்ணீர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

நடந்தது இதுதான். சபை பெருவீதிக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு எழுதியது. வீதி எல்லையோடு எங்கள் கான் முடிகிறது, அதற்கு அப்பால் உங்களுடையது என்று பதில் வந்தது. கடற்கரை முனையைப் பற்றி இன்னொரு திணைக்களத்துக்கு எழுதியது. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்தின்படி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து உட்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம், அதற்குள் கட்டுவதானால் அனுமதி வேண்டும், வரைபடம் அனுப்புங்கள் என்றார்கள். நியாயமான பதில். வரைபடம் வரைய நிலம் யாருடையது என்று தெரியவேண்டும் அல்லவா? செயலகத்துக்கு எழுதியது. அது அரச காணி, ஆனால் படகு ஏற்றுகிற துறை, கடற்றொழிலாளர் சங்கத்தின் சம்மதத்தை எடுங்கள் என்றார்கள். சங்கம் மறுத்தது. சந்தை இரத்தத்தைக் கொண்டுவந்து எங்கள் வள்ளத்தடியில் விடுவதா என்று கேட்டார்கள். அதுவும் நியாயந்தானே.

எல்லாப் பதிலும் சரி. ஒன்றும் நடக்கவில்லை.

2024 நடுப்பகுதியில் ஒழுங்கை இளைஞர் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்தார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். அந்த இளைஞர் பதின்மூன்றாம் நாளே ஒரு பக்கப் பதிலோடு என் கடைக்கு வந்தார், லமினேற் பண்ண. அதில் ஒரு வரி: ‘மேற்படி ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் இடம்பெறவில்லை.’ பதிவேட்டில் ஏறாத, வர்த்தமானியில் வராத ஒழுங்கைக்குச் சபை காசு செலவழித்தால் கணக்காய்வில் கேள்வி வரும். அதாவது 2022இல் ஏகமனதாகக் கான் போடத் தீர்மானித்தது, சபையின் தாளில் இல்லாத ஓர் ஒழுங்கைக்கு.

செயலாளருக்கு இது முதலே தெரியுமா என்று கேட்டேன். சிரித்தார். “தம்பி, நான் கையெழுத்து வைக்கலாம். ‘பரவாயில்லை, செய்யுங்கோ, வாறதை நான் பாக்கிறன்’ எண்டு சொல்ல ஒரு ஆள் வேணும். அது நானில்லை” என்றார். சபை இல்லாத காலத்தைப் பற்றிப் பேசும்போது ஊழல், அசமந்தம் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அந்த ஒரு வசனந்தான் பொருத்தமாகப் படுகிறது.

மாமி

2025 ஜூனில் வந்த சபையில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. உள்ளூராட்சி ஆணையாளர் கூட்டிய முதல் அமர்வில் வாக்கெடுத்துத்தான் தவிசாளர் தெரிவானார். தொங்கு சபை என்று ஊரில் சலித்துக்கொண்டார்கள். எங்கள் ஒழுங்கைக்கு அது நல்லதாகப் போனது. ஒவ்வொரு உறுப்பினரின் கையும் தேவைப்படும்போது ஒரு வட்டாரத்தின் கானும் பெரிய விஷயமாகிவிடும். பட்டியலில் தெரிவான பெண் உறுப்பினர் ஒருவர் சுற்றாடல் குழுவில் இருந்தார். சட்டப்படி அந்தக் குழுக்களில் சபை உறுப்பினர் அல்லாத ஊர்க்காரரையும் சேர்க்கலாம். அவர் சந்தைக்காரர் ஒருவரையும் ஒரு மேசனையும் சேர்த்தார். பிறகு கடிதம் எழுதாமல் எல்லோரையும் ஒரு காலையில் ஒழுங்கைக்கு வரச் சொன்னார். தொழில்நுட்ப உத்தியோகத்தர், கிராம அலுவலர், சங்கத் தலைவர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நான் 2022 தீர்மானத்தின் பிரதியோடு போனேன்.

கான் எங்கே தொடங்கி எங்கே முடிவது, யாருடைய எல்லை எதுவரை என்று அரைமணி நேரம் போனது. என் மனைவிக்கு மாமி முறையான ஒருவர், எழுபதைத் தாண்டியவர், படலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார்.

“மூண்டு வருசமாக் கான் ஆரின்ர எண்டு கேக்கிறியள். தண்ணி எங்க போறது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.”

“கடலுக்குத்தானே அம்மா?” என்றார் உறுப்பினர்.

“கடலுக்கோ? கடற்கரை மேட்டிலயெல்லோ கிடக்கு. அந்த நாளில களப்புக்குத்தான் போறது. றோட்டுக்குக் கீழ மதகு கிடந்தது பிள்ளை. நாங்கள் அதுக்குள்ளால பூந்து விளையாடினனாங்கள். சுனாமித் தண்ணியும் அந்தப் பக்கந்தானே வடிஞ்சது.”

களப்பு என்றால் பெருவீதிக்கு அப்பால் இருக்கிற கடலேரி. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. மேசன் தன் சைக்கிளில் கட்டியிருந்த, உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்ரிக் குழாயை அவிழ்த்தார். வீட்டு அத்திவாரத்துக்கு மட்டம் பார்க்கிற சாதாரணக் குழாய்தான். தண்ணீரை நிரப்பி, குமிழி போகும்வரை விரலால் தட்டினார். ஒரு முனையை ஒழுங்கை நடுவில் நட்ட தடியோடு பிடிக்க என்னிடம் தந்துவிட்டு மற்ற முனையோடு கடற்கரைப் பக்கம் நடந்தார். குழாய் எட்டும் தூரத்தில் ஒரு தடி, அங்கிருந்து இன்னொன்று என்று ஆறு தடி நட்டார். ஒவ்வொன்றிலும் கரிக்கட்டியால் கோடு போட்டார். கடைசித் தடியில், வாடைக் கடல் குவித்து வைத்த மணல் மேட்டின் உச்சியில், கோட்டைப் பார்க்க மேசன் முழந்தாளில் இருக்கவேண்டியிருந்தது. ஒழுங்கை நடுவைவிட அது ஒரு முழத்துக்கு மேல் உயரம்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் என் கையிலிருந்த தீர்மானப் பிரதியை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். அதன்படி கட்டியிருந்தால் இருபத்து மூன்று வீட்டுக்கும் நடுவில் ஒரு நீளமான சீமெந்துத் தொட்டி கிடைத்திருக்கும். காசும் இருந்து, ஒழுங்கையும் பதிவேட்டில் இருந்து, எல்லாரும் சம்மதித்திருந்தால் 2023இலேயே அதைக் கட்டியிருப்போம். தாமதத்துக்கு நன்றி சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனாலும் அந்தக் காலையில் அப்படி நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊரைப் போன்ற பட்டினங்கள் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு மணல் வரம்பின் மேல் இருக்கின்றன. அலை கொண்டுவந்து போடும் மணலால் கடல் பக்கம் உயர்ந்துகொண்டே இருக்கும், நிலம் முதுகைக் கடலுக்குக் காட்டிக் களப்புப் பக்கம் சாயும். களப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் பெருவீதி போகிறது. வீதியை அகலித்து உயர்த்தியபோது மதகு மண்ணுக்குள் போய்விட்டது. சனம் இடம்பெயர்ந்து, திரும்பி, பாதிப்பேர் புதியவர்களாக வந்து குடியேறிய ஊரில் மதகை நினைவு வைத்திருக்க ஆள் குறைவு. நானே அந்த மதகைக் கேள்விப்பட்டதில்லை.

அன்றைக்கே தேடினார்கள். மாமி சொன்ன பூவரச மரத்தடியில் வீதியோரமாக அலவாங்கை இறக்கினார் மேசன். முதல் இடத்தில் மணல், இரண்டாம் இடத்திலும் மணல். மூன்றாவதில் ‘ணங்’ என்றது.

பதினேழாவது கடிதத்தை அன்று பின்னேரம் உறுப்பினர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஒரு பக்கந்தான். கான் யாருடையது என்ற பேச்சே அதில் இல்லை. மூடுண்ட மதகின் இடம், மேசன் பார்த்த மட்டங்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கைவரைபடம், ‘இதைத் திறந்து துப்புரவாக்க ஆட்சேபனை உண்டா’ என்ற கேள்வி. நான்கு அலுவலகத்துக்கும் ஒரே கடிதம். மூன்று கிழமையில் நாலு பதிலும் வந்தது. வீதிக்காரர் மண் தோண்டுகிற தங்கள் பெக்கோ இயந்திரத்தையும் ஒரு நாள் அனுப்பிவைத்தார்கள்.

வேலை

இதில் சொல்ல அதிகமில்லை. ஒழுங்கையைப் பதிவேட்டில் ஏற்றச் சபை தீர்மானம் எடுத்தது. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு வேலையைக் கொடுத்தார்கள். பூவரச வேர் மதகின் வாயை முழுதாக அடைத்திருந்தது, அதை வெட்ட ஒரு நாள் போனது. கான் சீமெந்துதான், ஆனால் கடற்கரையிலிருந்து வீதிப் பக்கம் சாய்கிறது. அப்புறம் களப்பு வரைக்கும் மண் வாய்க்கால். களப்போரமும் கரையோர வலயத்துக்குள் வருவதால் அதற்கும் அனுமதி கேட்கவேண்டி இருந்தது. படலைக்கு முன்னால் கிரவலைத் தோண்டியபோதுதான் சத்தம் வந்தது. இரண்டு வீட்டார் சபையில் போய்ச் சண்டை பிடித்தார்கள். என் மாமனார் அவர்களில் ஒருவர்.

சந்தைத் தண்ணீரில்தான் சிக்கல் மிச்சம் இருந்தது. அப்படியே விட்டால் அது களப்புக்குப் போகும், அங்கே இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் விட்டுக்கொடுக்கவில்லை. சந்தை மூலையில் இரண்டு அறைத் தொட்டி ஒன்று கட்டி, வாயில் கம்பி வலை போட்டார்கள். செதிளும் குடலும் முதல் அறையில் நிற்கும். ஒவ்வொரு நாளும் அள்ளவேண்டும்.

ஒக்டோபர் கடைசியில் முதல் பெரிய மழை. இரவு முழுவதும் பெய்தது. விடிய மாமனார் வீட்டுக்குப் போனேன். ஒழுங்கை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். மதகுக்குள்ளால் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது, ஒரு ரெஜிபோம் பெட்டி மூடியும் அதோடு போனது. மாமனார் படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு கதைக்கவில்லை.

நவம்பரில் களப்புப் பக்கத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார், கூடு போட்டு இறால் பிடிப்பவர். தொட்டியை ஐந்து நாளாக ஒருவரும் அள்ளவில்லை, செதிள் வலைக்கு மேலால் வழிகிறது என்றார். முறைப்பாடு எழுதவேண்டும். தொட்டி சபையினதா, சந்தைக் குத்தகைக்காரருடையதா, பெறுநர் என்ற இடத்தில் யாரைப் போடுவது என்று கேட்டார். தொட்டியை யார் கட்டினார்கள் என்பதை விடுங்கள், அள்ளுகிற வேலை குத்தகை ஒப்பந்தத்தில் இருக்கிறதா, பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை. ஒப்பந்தத்தின் பிரதியை வாங்கிவரச் சபைக்குப் போயிருக்கிறார்.